சீனத் திரைப்படமும் எண்ணிக்கை ஆராய்ச்சியும்

ஒரு தொழில் வளர்ந்தது என்று கூறுதல் எளிது. எவ்வளவு வளர்ந்தது என நிறுவுதல் அரிது. நிறுவுவதற்குச் சான்று வேண்டும். சான்றைத் திரட்டுவதினும் அதன் மெய்ம்மையை ஆராய்ந்து கோடல் பெரும்பணியாகும். இதற்குச் சீன நாட்டுத் திரைப்படத் தொழில் தக்கதோர் எடுத்துக்காட்டு. அத்தொழில் 1905 ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் ஓர் இசைநாடகத்தின் சில காட்சிகளைப் படம் பிடித்ததோடு தொடங்கிற்று என்பர்.

1979 ஆம் ஆண்டில் சீனத்தில் படம் பார்த்தோர் தொகை 2,930 கோடி எனப் பதிவாகியுள்ளது. அந்நாட்டு மக்கட்டொகையோ அப்பொழுது 100 கோடியை எட்டவில்லை. ஒருவர் அவ்வாண்டில் ஏறத்தாழ முப்பது முறை படம் பார்த்தார் என்பது இதன் பொருள். நாற்பதாண்டு கழிந்து, 2019 இல், அத்தொகை ஏறத்தாழ 173 கோடியே. இவ்விரண்டனை மட்டும் ஒப்புநோக்குவோர் தொழில் தேய்ந்தது என்றே முடிவு கட்டுவர். அம்முடிபு பொருந்துமோ? 1979 இல் படக்கருவியைச் சுமந்து ஊர்தோறும் சென்ற குழுவினர் திறந்த வெளியில் திரை கட்டிக் காட்டினர், ஆலைகளிலும் காட்டினர். அங்குத் திரண்டோரும் எண்ணப்பட்டனர். கட்டணம் மிகச் சிறிது. பலவிடத்து அதுவும் இல்லை. 2019 இல் எண்ணப்பட்டோரோ, நகரத் திரையரங்குகளில் விலை கொடுத்துச் சீட்டுப் பெற்றவர். 'பார்த்தோர்' என்னும் ஒரு சொல் ஈரிடத்தும் ஒரு பொருள் தரவில்லை. செய்யுளில் ஒரு சொல் இருபொருள் படுதல் அணியாகும். கணக்கில் அது குற்றம்.

இனி வருவாயை நோக்குவோம். 2002 இல் 100 கோடி யுவானுக்கும் குறைவாயிருந்த சீட்டு வருவாய், 2010 இல் 1,000 கோடியையும், 2019 இல் 6,400 கோடியையும் கடந்தது. வளர்ச்சி மெய்யே. ஆயினும் 2017 முதல், இணையவழிச் சீட்டு விற்போர் பெறும் சேவைக் கட்டணமும் வருவாயோடு சேர்த்து எண்ணப்பட்டது. அதனை நீக்காமல் முன்னாண்டுகளோடு ஒப்பிடுதல், முழக்கோலைக் குறுக்கிவிட்டுத் துணி நீண்டது என்பது போலும்.

பொய்க் கணக்கும் உண்டு. சீட்டு வருவாயில் நூற்றுக்கு ஐந்து அரசின் திரைப்பட நிதிக்குச் சேர்வதால், அரங்குகளின் கணினிகள் விற்பனையை நடுவண் பதிவேட்டிற்கு அனுப்புகின்றன. அங்ஙனமிருந்தும் 2016 இல் 'இப் மேன் 3' என்னும் படத்தை வெளியிட்டோர் தாமே சீட்டுகளை மொத்தமாக வாங்கினர். நடவாத காட்சிகள் பல நடந்தனவாகக் காட்டப்பட்டன. அரசு ஆராய்ந்து ஒறுத்தது. 2017 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டம் இத்தகைய பொய்ப்பதிவைத் தண்டத்திற்குரிய குற்றமாக்கிற்று. அம்மாதத்திலேயே 326 அரங்குகள் தண்டனைக்குள்ளாயின.

மாணவரும் செய்து பார்க்கத்தக்கதோர் ஆராய்ச்சி உண்டு. 2019 இல் வருவாய் 6,427 கோடி யுவான். பார்த்தோர் 173 கோடி. 2024 இல் வருவாய் 4,250 கோடி. பார்த்தோர் 101 கோடி. வகுத்தால், ஒரு சீட்டின் விலை 37 யுவானிலிருந்து 42 யுவானாக உயர்ந்தமை புலனாகும். வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைய, பார்த்தோர் ஐந்தில் இரு பங்கு குறைந்தனர். விலையேற்றம் அவ்வேறுபாட்டை மறைத்து நின்றது.