நெய்தல் மணலில் உறவின் கூடல்

முன்னுரை

அகத்திணை ஐந்தனுள் நெய்தலுக்கு உரிய உரிப்பொருள் இரங்கல் என்பது தமிழ் மரபு. பிரிந்தவரை எண்ணி நெஞ்சம் வருந்தும் களமாகவே கடற்கரை நம் பழம்பாடல்களில் பெரிதும் காட்சியளிக்கிறது. ஆயின், பிரிந்தோர் மீண்டும் கூடும் களமாகவும் அதே கடற்கரை விளங்குவதைத் தமிழகத்தின் கீழைக் கரையில் காண்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பெருநாளிலும் விடுமுறையிலும் மூன்று தலைமுறையினராய் ஒன்றுகூடி இளைப்பாறும் வழக்கத்தைத் திணைக் கோட்பாட்டின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் தந்த பிரிவு

மகளிரை உடனழைத்துக் கடல் கடக்கும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியர் தரும் செய்தி. பொருள் தேடும் ஆடவன் கலமேறினான். இல்லாள் கரையில் காத்திருந்தாள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையின் தலைவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்கு உரைக்கிறான். அவ்வாறு மறுக்க எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. காயல்பட்டினத்தார் மணிக்கல் வாணிகத்தின் பொருட்டு இலங்கைக்கும், பின்னர் ஆங்காங் முதலிய தொலைவிடங்களுக்கும் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகள் கரையோர இளைஞர் பலரை ஈர்த்துக்கொண்டன.

மகளிர் காத்த இல்லம்

இப்பிரிவைத் தாங்கும் வகையில் அமைந்ததே இவ்வூர்களின் இல்லற முறை. மணம் முடிந்தபின் மணமகன் மணமகளின் இல்லத்தில் வாழ வருகிறான். வீடு மகளுக்கு உரியதாகிறது. கணவன் கடல் கடந்தாலும் மனைவி தாய், தமக்கை, தங்கையரின் நடுவே வாழ்கிறாள். குழந்தைகள் உம்மும்மாவின் மடியில் வளர்கின்றனர். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையிலும் தாய்வழிக் குடிமுறை நிலவுவது ஒப்புநோக்கத் தக்கது. மகளுக்கு வீடளிக்கும் இவ்வழக்கம் வசதியற்ற பெற்றோர்க்குப் பெருஞ்சுமையாவதையும் நாம் மறுத்தற்கில்லை. எனினும், எத்திசை சென்றவரும் திரும்பி வந்து சேர ஓர் இடம் இருந்தது என்பது இம்முறையின் சிறப்பு.

கூடலின் இயல்பு

பகலில் நிலம் கடலினும் விரைந்து வெம்மையுறும். நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி மேலெழ, கடலின் குளிர்காற்று கரைநோக்கி வீசும். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது ஞாயிறு சாயும் நேரம் என வகுத்த முன்னோர் இவ்வியல்பை அறிந்தே இருந்தனர் போலும். காயல்பட்டினத்துக் கடற்கரையில் அப்பொழுதில் குடும்பங்கள் மணலில் வட்டமாய் அமர்கின்றன. முதியோர் பேச, நடுவயதினர் கேட்க, சிறுவர் அலையோடு விளையாடுகின்றனர். செய்து முடிக்க வேண்டிய செயல் ஏதுமில்லை. அந்த ஓய்வே கூடலின் உயிர். அவசரமற்ற அவ்வேளையில்தான் இன்னார் மகள் இன்னார், இன்ன ஊருக்குச் சென்றவர் இன்னார் என்னும் குடும்ப வரலாறு தானே வெளிப்படுகிறது.

இல்லம் திரும்பியபின் ஒரே சகனைச் சூழ்ந்திருந்து உண்பர். பெரியவரும் சிறியவரும் ஒரு தட்டில் கையிடும்போது வயது வேற்றுமை கரைகிறது. தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் கலந்த வட்டிலப்பம் இலங்கைக்கும் இக்கரைக்கும் பொதுவான உணவு. பழைய கடல்வழி உறவை நாவுக்கு நினைவூட்டுவது.

உறவுச் சொற்கள்

கூடலின் மற்றொரு பயன் மொழி சார்ந்தது. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா, சாச்சா, சாச்சி எனப் பல சொற்கள் இக்குடும்பங்களில் வழங்குகின்றன. தாயின் தாய் உம்மும்மா. தந்தையின் தாய் வாப்பும்மா. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். அயல்நாட்டில் வளரும் பேரக்குழந்தை இவ்வேறுபாட்டை எந்நூலிலும் கற்பதில்லை. இருவரையும் நேரில் அழைத்து, இருவர் மடியிலும் அமர்ந்தே கற்கிறது. உறவைக் குறிக்கும் ரஹிம் என்னும் அரபுச் சொல்லின் பொருள் கருப்பை. உறவினரைக் கிளை என்கிறது தமிழ். முன்னது பிறப்பையும் பின்னது வளர்ச்சியையும் உணர்த்துகின்றன. உறவைப் பேணுதலைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே வலியுறுத்துகிறது.

இரங்கலின் புதிய வடிவம்

இன்று மனைவியும் மக்களும் உடன் செல்கின்றனர். தொல்காப்பியர் குறித்த வழக்கம் மாறிவிட்டது. தலைவனைப் பிரிந்த தலைவியின் துயர் பெரிதும் குறைந்தது. ஆனால் நெய்தலின் இரங்கல் மறையவில்லை. அது பாட்டியிடம் சென்று சேர்ந்துள்ளது. மகளிர் நிறைந்திருந்த இல்லத்தில் முதியவள் ஒருத்தி, தொலைபேசியில் முகம் காட்டும் பேரனின் விடுமுறை நாளை எண்ணிக் காத்திருக்கிறாள். குரலும் முகமும் கருவி வழியே வந்து சேரும். ஒரே தட்டில் உண்பதும், மணலில் அருகமர்ந்து கதை கேட்பதும் அவ்வாறு வந்து சேரா.

நிறைவுரை

ஆகவே, ஆண்டுக்குச் சில நாளேனும் நிகழும் இக்கூடலை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதலாகாது. உறவும் மொழியும் தலைமுறை கடக்கும் துறைமுகம் அது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. அடுத்த விடுமுறையில் குடும்பம் கூடும்போது, மூத்தோர் கூறும் உறவுப் பெயர்களையும் கடல் சொற்களையும் பயணச் செய்திகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. பெரியோர்களும், வந்த நாள்களை விருந்துகளுக்கே செலவிடாமல், மாலைப்பொழுது ஒன்றையேனும் மணலில் பேரக்குழந்தைகளோடு அமர்ந்து கழிப்பாராக. இரங்கலுக்குரிய நிலத்தில் கூடல் மலர அதுவே வழியாகும்.