இன்ஜினைக் காக்கும் நீர்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பின்னர், இங்குள்ள குடும்பங்கள் பல வேறு தொழில்களை நாடின. வங்கிக் கடனில் சரக்கு வாகனம் வாங்கி, கோலார் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்வோரும் அவர்களுள் உண்டு. அத்தகைய வாடிக்கையாளர் ஒருவர் இரு தவணைகளைத் தவறவிட்டார். காரணம் வினவினோம். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்து, வண்டி பட்டறையில் நிற்பதாகக் கூறினார். ரேடியேட்டரில் அவர் ஊற்றி வந்தது வீட்டு போர்வெல் தண்ணீர்.

அரிப்பு ஏன் ஏற்படுகிறது?

ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்புகளும் கரைந்துள்ளன. நீர் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து, குழாய்களின் உட்சுவரில் படிகிறது. அப்படிவு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. மேலும், இன்ஜினில் இரும்பும் அலுமினியமும் அருகருகே உள்ளன. உப்பு நீர் அவற்றை இணைக்கும்போது அலுமினியம் முதலில் அரிக்கப்படுகிறது. கடல்நீரால் குளிர்விக்கப்படும் படகு இன்ஜின்களில், பிற உலோகங்களுக்கு மாற்றாக அரிபடுவதற்கென்றே துத்தநாகத் துண்டு பொருத்துவது இதனால்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வாகனக் கையேடு குறிப்பிடும் கூலன்டையே பயன்படுத்துக. செறிவான வகையாயின், கையேடு கூறும் விகிதத்தில் காய்ச்சி வடித்த நீரைக் கலக்குக. ஏற்கெனவே கலந்து விற்கப்படும் வகையில் மேலும் நீர் சேர்க்கலாகாது.

2. குறித்த காலத்தில் கூலன்டை மாற்றுக. நிறம் மாறாவிடினும், அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து நாளடைவில் தீர்ந்துவிடும்.

3. வெவ்வேறு வகைக் கூலன்டுகளை ஒன்றாகக் கலவாதீர்.

4. கூலன்ட் செம்பழுப்பாக மாறினால் அது துருவின் அறிகுறி. உடனே மெக்கானிக்கிடம் காட்டிச் சுத்தம் செய்க.

5. இன்ஜின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்.

வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் நேரும் இழப்பை ஈடு செய்வதில்லை என்பதையும் நினைவில் கொள்க. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை; நிலுவை 90 நாள்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும்.

மேற்கண்ட வாடிக்கையாளர் மூன்றாம் தவணைக்கு முன் கிளைக்கு வந்ததால், நிலுவையைச் சிறு தொகைகளாகச் செலுத்த வழி கண்டோம். இப்போது அவர் வாகனப் பராமரிப்புக்கென்றே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியுள்ளார். வாகனக் கடன் பெற்ற பிறரும் அவ்வாறு செய்தல் நலம்.