பாடம் 7: பின்களக் காவலர்

காற்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். முன்களத்தில் ஆடுவோர் கோல் அடிப்பர்; அவர்தம் பெயர் ஊரெங்கும் ஒலிக்கும். பின்களத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் பணியோ வேறு. எதிரணியினர் கொண்டுவரும் பந்தை மறித்தல், உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புதல், தோழர் விட்ட இடைவெளியை அடைத்தல் ஆகியன அவர்தம் கடமைகள். அவர் கடமையைச் செம்மையாகச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை தவறினால் அனைவரும் காண்பர்.

கோலார் தங்கவயல் மக்களுக்கு இத்தகைய உழைப்பு புதிதன்று. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பொன் எடுத்தனர். பாறை சரியாதபடி மரங்களை நட்டு முட்டுக்கொடுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த பொன்னைப் பலர் கண்டனர். பொன் எடுப்போரைக் காத்த மரங்களைக் கண்டவர் சிலரே.

எனினும், தடுப்பாட்டக்காரர் ஒருவரால் பட்டம் கைகூடிய நாளும் உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் போட்டியின் இறுதி நாள் ஆட்டம் நடைபெற்றது. சென்னை சிட்டி அணி 40 புள்ளிகளுடனும், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி 39 புள்ளிகளுடனும் இருந்தன. வென்றால் 3 புள்ளிகள். சமன் செய்தால் 1 புள்ளி.

மினர்வா பஞ்சாப் அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்து முந்தியது. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டி உதையால் ஆட்டத்தைச் சமன் செய்தார். அதன்பின், அசாம் மாநிலத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா முன்னேறிச் சென்று கோல் அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மேலும் ஒன்று அடித்தார். சென்னை சிட்டி 3–1 என வென்றது. அதே நாளில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. போராவின் கோல்கள் இல்லையெனில் பட்டம் ஒரு புள்ளியில் கைநழுவியிருக்கும். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.

பிழைப்புக்காகத் தமிழர் கோலாருக்கு வந்தனர். ஆட்டத்துக்காக அசாம் இளைஞர் கோவைக்கு வந்தார். வந்த ஊரைத் தம் ஊராகக் கருதி உழைத்தவரை அவ்வூர் மறப்பதில்லை.

மொழியோடு விளையாடு
'முட்டுக்கட்டை' என்னும் சொல்லுக்குத் தாங்கி நிற்கும் கட்டை, தடை என இரு பொருள்கள் உண்டு. தடுப்பாட்டக்காரர் தம் அணிக்குத் தாங்கும் கட்டை, எதிரணிக்குத் தடை.

சொற்பொருள்
கைகூடிய – கிடைத்த. தறுவாய் – வேளை. செம்மை – ஒழுங்கு

வினாக்கள்
1. தடுப்பாட்டக்காரரின் கடமைகள் யாவை?
2. அன்றைய ஆட்டம் 1–1 என முடிந்திருந்தால் பட்டம் யாருக்கு? கணக்கிட்டு எழுதுக.
3. உம் பள்ளியில் பிறர் கவனியாமல் உழைப்பவர் ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.