குதிரையின் பக்கத்தில் நடப்பவர்

நடக்க இயலாத குழந்தைக்கு நடையின் உணர்வை எவ்வாறு அளிப்பது? இவ்வினாவிற்குக் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்று குதிரையின் முதுகு. பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் குதிரையேற்றப் பயிற்சி அளிக்கும் பண்ணைகள் பல உள்ளன. அவை பெரிதும் தன்னார்வலரைச் சார்ந்தே இயங்குகின்றன. அவர்களுள் மாணவரும் உளர். அங்கு ஒரு மாணவர் கற்கும் பாடம், வீட்டில் ஒருவரைப் பராமரித்துவரும் நமக்கும் உரியது.

தொடக்கம்

டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் குதிரையேற்ற வீராங்கனை 1944ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். விடாமுயற்சியால் மீண்டும் குதிரை ஏறினார். எனினும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றே இருந்தன. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை அவருக்குத் தேவைப்பட்டது. அந்நிலையிலேயே 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவ்வெற்றி பலரைச் சிந்திக்க வைத்தது. 1969ஆம் ஆண்டு பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் நிறுவப்பட்டது.

குதிரை என்ன செய்கிறது?

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் அசைகிறது. மனிதர் நடக்கையில் இடுப்பெலும்பு அசையும் முறையை இது பெரிதும் ஒத்தது. மேலே அமர்ந்துள்ள குழந்தையின் இடுப்பு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை இவ்வசைவைப் பெறுகிறது. ஒவ்வொரு முறையும் உடல் சாய்ந்து, பின் தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டியுள்ளது. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கு நடுவுடலின் வலுவும் சமநிலையும் மேம்பட இப்பயிற்சி துணைபுரியலாம். இது நோயை நீக்குவதன்று; இயன்முறை மருத்துவத்திற்கு மாற்றும் அன்று; அதனோடு இணைந்து செல்லும் துணை.

மாணவரின் பணி

முதல் நாள் மாணவர் குழந்தையின் அருகே செல்வதில்லை. லாயத்தைத் தூய்மை செய்கிறார். குதிரையின் உடலைத் துலக்குகிறார். குளம்புகளில் சிக்கிய கற்களை அகற்றுகிறார். சேணத்தின் வார் சரியாக இறுகியுள்ளதா என்று பார்க்கப் பழகுகிறார். குதிரையின் காதுகள் பின்னோக்கி மடிந்தால் அதற்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் அறிகிறார்.

பின்னரே பக்கத்தில் நடக்கும் பொறுப்பு வருகிறது. ஒருவர் குதிரையை நடத்திச் செல்ல, குழந்தைக்கு இருபுறமும் இருவர் நடப்பர். குதிரை மிரண்டால் முன்னவர் குதிரையைக் கவனிப்பார். பக்கத்தில் இருப்போர் குழந்தையை மட்டுமே கவனிப்பர்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுச் சிறுமி சேணத்தில் அமர்ந்திருக்கிறாள். மாணவரின் முன்கை அவள் தொடையின் மேல் படிந்துள்ளது. வளைவில் திரும்பும்போது அவள் உடல் வலப்புறம் சாய்கிறது. உடனே தாங்கி நிமிர்த்த மாணவரின் கை துடிக்கிறது. "சற்றுப் பொறுங்கள்" என்கிறார் பயிற்றுநர். கை எட்டும் தூரத்திலேயே நிற்கிறது, ஆனால் தொடவில்லை. இரண்டு அடி, மூன்று அடி... சிறுமி தானே நிமிர்கிறாள். மாணவர் முந்தியிருந்தால் சாய்வு சரியாகியிருக்கும். ஆனால் அவள் உடல் எதையும் கற்றிருக்காது.

யாருக்கு ஏற்றதன்று?

கட்டுப்படாத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல், எளிதில் முறியும் எலும்பு, குதிரை மயிரால் ஒவ்வாமை ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இதில் ஈடுபடலாகாது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் உறுதியற்றிருக்கும். அதனை முன்னரே பரிசோதித்தறிதல் இன்றியமையாதது. தலைக்கவசம் எப்போதும் கட்டாயம். பயிற்சியை நடத்துபவர் இயன்முறை மருத்துவரா, குதிரையேற்றப் பயிற்றுநரா என்பதையும் கேட்டறியுங்கள். முன்னது சிகிச்சை, பின்னது பயிற்சி. இரண்டும் ஒன்றல்ல.

இல்லத்திற்குரிய பாடம்

குதிரை இல்லாத இல்லத்திலும் இப்பாடம் பொருந்தும்.

1. குழந்தை சட்டைப் பொத்தானைப் போட முயலும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நேரமின்மையால் நாம் செய்துவிடும் உதவி, அவர்களது பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிடுகிறது.

2. கையை எடுப்பது கைவிடுவதன்று. விழுந்தால் தாங்கும் தூரத்தில் கை இருக்கட்டும். எவ்வளவு விலகலாம் என்பதை உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. சில நாள்களில் குழந்தை சோர்ந்திருக்கும். அன்று முழுமையாகத் தாங்குங்கள். நேற்றுச் செய்ததை இன்றும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

அன்பு மிகுந்த பெற்றோர்க்குக் காத்திருத்தல் கடினமான பணி. பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நெஞ்சை வருத்தும். ஆயினும் அந்தச் சில நொடிகளை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, எந்தச் செயலில் உங்கள் உதவியைச் சிறிது குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.