வண்ணத்தின் விலை

ஒரு பொருளை நுகர்வோர் ஏன் விரும்பி வாங்குகிறார் என்பது பொருளாதார மாணவர் ஆராயும் வினா. அப்பொருள் உடலுக்குள் சென்றபின் என்ன செய்கிறது என்பது மருத்துவர் ஆராயும் வினா. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சுவரில் தீட்டப்பட்ட சிவப்பு எந்தக் கனிமத்திலிருந்து பெறப்பட்டது என்பது தொல்பொருள் வேதியியலாரின் வினா. இவை வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு ஆய்விதழ்களில் விவாதிக்கப்படுவதே வழக்கம். ஆயினும் மூன்று துறையினரும் ஒரே பொருளை நோக்கி வந்து சேர்ந்த நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் நடந்துள்ளது. அப்பொருள் காரீயம், அது இருந்த இடம் சமையலறை மஞ்சள்தூள். இந்நிகழ்ச்சியைச் சரிவரப் புரிந்துகொள்வதற்கு வண்ணப் பொருள்களின் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குவது பயனுடையது.

பண்டைய சுவர்களும் பண்டைய வாங்குவோரும்

ரோமானியப் பேரரசின் செல்வர்கள் தம் வீட்டுச் சுவர்களை ஓவியங்களால் அணிசெய்தனர். கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்பெய் நகர வீடுகளில் அவ்வோவியங்களை இன்றும் காணலாம். அவர்கள் பெரிதும் மதித்த சிவப்பு, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் ஆகும். ஸ்பெயின் நாட்டின் சிசாப்போ சுரங்கத்தில் எடுக்கப்பட்ட கனிமத்தை அங்கேயே தூய்மை செய்தல் கூடாது, முத்திரையிட்டு ரோமுக்கு அனுப்பவேண்டும், அதன் விலை ஒரு ராத்தலுக்கு 70 செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு மேற்படலாகாது என்று சட்டம் இருந்ததாகப் பிளினி எழுதியுள்ளார். விலை வரம்பு, முத்திரை, ஒரே இடத்தில் பதப்படுத்தல் ஆகிய மூன்றும் இருந்தும் கலப்படம் பலவகையாக நடந்தது என்றும், அதன் ஆதாயம் உரிமம் பெற்ற நிறுவனத்திற்கே சென்றது என்றும் அவர் கூறுகிறார். விலைக் கட்டுப்பாடு பற்றிப் பயிலும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நலம்.

இந்நிலையில் வாங்குவோர் என்ன செய்தனர்? சாதிலிங்கம் போன்ற விலை உயர்ந்த வண்ணங்களை ஓவியரிடம் விட்டுவிடாமல் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்தார். அவ்வரிசையில் நம் நாட்டிலிருந்து சென்ற அவுரி நீலமும் இருந்தது. புறா எச்சத்தில் சாயமேற்றி அதை அவுரி என்று விற்றவர்களும் அன்று இருந்தனர். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சாதிலிங்கத்திற்கு ஒரு சோதனை கூறியுள்ளார். அதை இரும்புத் தகட்டில் வைத்துக் காய்ச்சவேண்டும். ஆறியபின் பழைய நிறம் திரும்பினால் அது தூயது. கறுத்தே நின்றால் சுண்ணாம்பு கலந்தது. ஃபாபெரியஸ் என்னும் எழுத்தர் ஒருவர் தம் வீட்டு முற்றச் சுவர்கள் முழுவதிலும் சாதிலிங்கம் பூசுவித்து, முப்பது நாளில் அது வெயிலில் கருத்துப்போகக் கண்டு, மீண்டும் வேறு வண்ணம் பூசுவித்த செய்தியையும் அவரே தருகிறார். தம் காலத்தவர் ஓவியரின் திறனை மதியாமல் வண்ணத்தின் விலையையே மதித்தனர் என்பது அவரது குறை.

சாதிலிங்கத்திற்கு லத்தீன் மொழியில் ‘மினியம்’ என்று பெயர். மலிவான மாற்றாக வந்த செந்நிறக் காரீய ஆக்சைடு நாளடைவில் அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. சிற்றோவியத்தைக் குறிக்கும் ‘மினியேச்சர்’ என்ற சொல்லும் இதன் வழி வந்ததே. நம் நாட்டு மரபில் இக்காரீயச் சிவப்பின் பெயர் சிந்தூரம். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, ஓவியத்திற்குரிய வண்ணப் பொருள்களுள் சிந்தூரத்தையும் அரிதாரத்தையும் சேர்த்துள்ளது. அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். இன்று தமிழில் நடிகரின் ஒப்பனைக்கே அது பெயராகிவிட்டது. அஜந்தா ஓவியர்கள் பெரும்பாலும் காவிக்கல் முதலிய மண்வண்ணங்களையும், பதக்‌ஷானிலிருந்து வந்த நீலக்கல்லையும் பயன்படுத்தினர். அஜந்தா, தஞ்சைப் பெரிய கோயில் ஆகியவற்றின் சுவரோவியங்களை 1930-களில் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ். பரமசிவன் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

கண்மையில் காரீயம்

சுவரில் இருக்கும் நஞ்சு சுவரோடு நிற்கிறது. உடலில் பூசும் வண்ணத்தின் நிலை வேறு. எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த கண்மைக் குப்பிகளில் இருந்த பொடியை ஆராய்ந்து, 1999-ஆம் ஆண்டில் பிலிப் வால்டரும் அவருடைய குழுவினரும் வியப்பான முடிவொன்றை வெளியிட்டனர். அஞ்சனக்கல் என்னும் காரீய சல்பைடுடன், இயற்கையில் அரிதாகவே கிடைக்கும் இரண்டு காரீய உப்புகளும் அப்பொடியில் இருந்தன. எகிப்தியர் அவற்றை நீரில் வேதிவினை நிகழ்த்தித் தாமே செய்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளரின் முடிவு. 2010-இல் வெளிவந்த தொடர் ஆய்வு, மிகக் குறைந்த அளவுக் காரீயம் தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைத் தூண்டுகிறது என்றும், அதனால் கண்ணோய்க் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் கூடியிருக்கலாம் என்றும் கூறியது. இது ஆய்வுக்கூடத்தில் செல்களின்மீது நடத்திய சோதனை. இதைக் கொண்டு பழைய முறைகள் யாவும் தீங்கற்றவை என்று வாதிடுவோர் உளர். அவ்வாய்வு அவ்வளவு தூரம் செல்லவில்லை.

மறுபக்கத்தில், பிரிட்டனில் குடியேறிய ஆசியக் குடும்பங்களில் சுர்மா என்னும் கண்மையால் காரீய நச்சு ஏற்பட்டதை அந்நாட்டு மருத்துவ இதழொன்று 1968-இலேயே பதிவு செய்தது. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கிறது. நஞ்சு உட்செல்ல அந்த வழியே போதும். நெற்றியில் இடும் குங்குமமும் இத்தகையதே. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் மரபுக் குங்குமத்தில் காரீயத்திற்கு இடமே இல்லை. ஆனால் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் மும்பை, தில்லி நகரங்களிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளுள் ஏறத்தாழ 80 சதவீதத்தில் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்தது.

உடலில் நிகழ்வது

உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்தாக எண்ணி ஏற்றுக்கொள்கிறது என்று எளிமையாகக் கூறலாம். இரத்தத்தில் அது சில வாரங்களே தங்கும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கருவுற்ற பெண்ணின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிசுவுக்குச் செல்லும்போது, அவள் சிறுமியாக இருந்த காலத்தில் சேர்ந்த காரீயமும் உடன் செல்கிறது. ஒரே அளவு உட்கொண்டாலும் சிறு குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச் சத்துக் குறைவு இந்த ஈர்ப்பை மேலும் கூட்டுகிறது. 2019-21 ஆண்டுகளுக்கான தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 67 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

காரீயத்தின் தீங்கு கடுமையான வயிற்றுவலி, வலிப்பு ஆகியவற்றோடு முடிவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன், அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்களின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். நோயாளிகளாகத் தோன்றாத அச்சிறுவர்களுள், பல்லில் காரீயம் மிகுந்தவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பில் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே நடவடிக்கை தேவை என்று 2021-இல் அது அறிவுறுத்தியது. இந்த அளவைக் கடந்த குழந்தைகள் உலகில் 80 கோடி, அவர்களுள் இந்தியாவில் சுமார் 27.5 கோடி என்பது 2020-இல் யுனிசெப் வெளியிட்ட மதிப்பீடு.

வங்கதேச மஞ்சள்

வங்கதேச கிராமங்களில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதை டாக்காவின் பன்னாட்டு வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தினரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினரும் கண்டனர். அருகில் தொழிற்சாலை இல்லை. காரீயம் கலந்த பெட்ரோலும் வழக்கொழிந்துவிட்டது. அவ்வாறாயின் நஞ்சு எங்கிருந்து வந்தது?

விடை காண உதவிய முறை, தொல்பொருள் வேதியியலாருக்குப் பழக்கமானது. காரீயத்தில் நான்கு நிலையான ஐசோடோப்புகள் உள்ளன. அவற்றின் விகிதம் சுரங்கத்திற்குச் சுரங்கம் மாறுபடும். எகிப்தியக் கண்மையின் காரீயம் செங்கடலோரத்து கெபல் ஜெய்த் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பது இவ்விகிதத்தைக் கொண்டே காட்டப்பட்டது. அதே முறையில், பெண்களின் இரத்தத்திலிருந்த காரீயத்தையும் அவர்கள் வீட்டு மண், உணவு, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றின் காரீயத்தையும் ஒப்பிட்டு, முதன்மையான மூலம் மஞ்சளே என்னும் முடிவை 2019-இல் வெளியிட்டனர்.

மஞ்சளுக்குள் அது வந்த வரலாறு பொருளாதார மாணவர்க்கு உரியது. அறுவடை செய்த மஞ்சளை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, பின் உருளையிலிட்டு மெருகேற்றுவார்கள். 1980-களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் மஞ்சள் சரிவர உலராமல் நிறம் மங்கியது. மங்கிய மஞ்சளை வாங்க ஆளில்லை. பளிச்சிடும் மஞ்சள் நிறத்தைத் தரும் காரீய குரோமேட் என்னும் பெயின்ட் நிறமியை மெருகேற்றும்போது தூவும் பழக்கம் அப்போது தொடங்கியதாக வியாபாரிகளும் ஆலையினரும் ஆய்வாளரிடம் கூறினர். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. நிறம் கூட்டிய மஞ்சளைக் கண்டு பழகிய கண்களுக்கு, நல்ல மஞ்சளே மட்டமாகத் தோன்றியிருக்கவேண்டும்.

காணும் தரமும் காணாத தரமும்

நுகர்வோர் நடத்தை பற்றிய ஆராய்ச்சி இங்கு நமக்குக் கைகொடுக்கிறது. பிலிப் நெல்சன் 1970-இல் பொருள்களின் தரத்தை இருவகையாகப் பிரித்தார்: வாங்குமுன் பார்த்தே அறியக்கூடியது ஒன்று; வாங்கிப் பயன்படுத்தியபின் அறியக்கூடியது மற்றொன்று. டார்பி, கார்னி என்னும் இருவர் 1973-இல் மூன்றாவது வகையொன்றைச் சேர்த்தனர்: பயன்படுத்திய பின்னரும் நுகர்வோரால் அறிய முடியாதது. மஞ்சளின் நிறம் முதல் வகை; மணமும் சுவையும் இரண்டாம் வகை; காரீயம் மூன்றாம் வகை. தாய்க்கோ தந்தைக்கோ, பத்தாண்டுகள் கழித்துத் தம் பிள்ளையின் கணக்குப் பாடத் தேர்ச்சிக்கும் மளிகைக் கடைக்கும் உள்ள தொடர்பு தெரிய வழியே இல்லை.

தரத்தை விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றும் என்று ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். மஞ்சளின் நிலை அதனினும் மோசமானது. இங்கு நஞ்சூட்டிய சரக்கு நல்லதைவிட அழகாகவும் இருக்கிறது. ஆகவே ‘நுகர்வோர் விழிப்புடன் இருந்து நல்ல சரக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்’ என்ற பிரசாரம் மட்டும் இவ்விஷயத்தில் பயன் தராது என்பது என் கருத்து. விழித்த கண்ணும் நிறத்தைத்தான் பார்க்கும்.

வங்கதேசத்தில் நடவடிக்கை வேறு இடத்தில் தொடங்கியது. அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் செய்தித்தாள்கள் மூலமும் சந்தைகளில் துண்டறிக்கைகள் மூலமும் எச்சரிக்கை விடுத்தது. டாக்காவின் மொத்தச் சந்தைக்கு நடமாடும் நீதிமன்றம் சென்றது. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியால் அங்கேயே சரக்கைச் சோதித்து, காரீயம் இருந்ததைக் கைப்பற்றி, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. 2019-இல் சந்தை மாதிரிகளுள் 47 சதவீதத்தில் காணப்பட்ட காரீயம், 2021-இல் ஒன்றிலும் காணப்படவில்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்தில் காரீய அளவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. பல பத்தாண்டுப் பழக்கம் இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு தணிந்ததற்கு ஒரு காரணம், மெருகேற்றும் ஆலைகளும் மொத்த வியாபாரிகளும் தொகையில் சிலரே என்பது. கோடிக்கணக்கான அடுப்பங்கரைகளில் செய்ய இயலாத சோதனையை அங்கே செய்ய இயன்றது.

நம் நாட்டில்

2022-23-ஆம் ஆண்டில் இந்தியாவின் மஞ்சள் உற்பத்தி 11.61 லட்சம் டன். உலக உற்பத்தியில் இது 70 சதவீதத்திற்கும் மேல். ஈரோடு, நிஜாமாபாத், சாங்லி சந்தைகளின் பெயரை அறியாத மசாலா வியாபாரி இலர். மஞ்சளில் கிராமுக்கு 10 மைக்ரோகிராம் காரீயம் என்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உச்ச வரம்பு. மஞ்சள்தூளில் காரீய குரோமேட் அறவே இருத்தல் கூடாது என்பதும் விதி. 2024-இல் வெளியான ஆய்வொன்று இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 14 சதவீதத்தில் காரீயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய மூன்று நகரங்களின் சில மாதிரிகளில் அது 1,000 மைக்ரோகிராமையும் கடந்தது. பெரும்பாலான மாதிரிகள் நல்லவையாக இருந்தன என்பதையும் கூறவேண்டும். கலப்படம் சில வழித்தடங்களில் செறிந்திருக்கிறது.

சட்டம் நமக்குப் புதிதன்று. தானியம், எண்ணெய், உப்பு, வாசனைப் பொருள், மருந்து ஆகியவற்றில் கலப்படம் செய்வோர்க்கு 12 பணம் தண்டம் என்று அர்த்தசாஸ்திரம் விதித்துள்ளது. 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வீட்டுப் பெயின்ட்களிலும் அலங்காரப் பெயின்ட்களிலும் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெயின்ட் விதி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின்கீழ் வருகிறது. மஞ்சள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்கீழும், கண்மையும் குங்குமமும் அழகுப்பொருள் விதிகளின்கீழும் வருகின்றன. குழந்தையின் இரத்தத்தில் சேரும்போது காரீயம் இப்பிரிவினைகளை அறிவதில்லை.

2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது. விரலி மஞ்சள் ஏலத்திற்கு வருமுன் மெருகேற்றும் ஆலைகளின் பட்டியலைத் தயாரிப்பதும், ஒவ்வொரு பெரிய சந்தையிலும் ஒரு கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியையும் அதனை இயக்கத் தெரிந்த ஒருவரையும் அமர்த்துவதும் வாரியம் மேற்கொள்ளத்தக்க பணிகள். இவற்றிற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு மருத்துவமனையில் குழந்தையின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பது தெரிந்தால், அச்செய்தி அம்மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குச் செல்வதற்கும் வழி வகுக்கவேண்டும். அவர் அவ்வீட்டின் மஞ்சள் டப்பாவிலிருந்து தொடங்கி, மளிகைக் கடை, மொத்த வியாபாரி, ஆலை என்று பின்னோக்கிச் செல்லலாம். டாக்காவில் ஆய்வாளர்கள் சென்ற வழியும் அதுவே.