பூட் பகிர்வில் பெயர்கள் சிதைந்தால்: பழுது பார்ப்பதா, அழித்து எழுதுவதா?

நேற்றுவரை ஓடிய லினக்ஸ் கணினி இன்று கெர்னல் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. லைவ் யுஎஸ்பி போட்டு, பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி பகிர்வைத் திறந்தால், கெர்னல் இருந்த இடத்தில் வாயில் நுழையாத குறியீடுகள். சில கோப்புகளின் அளவு, பகிர்வின் அளவையே தாண்டுகிறது.

பெயரை மட்டும் மாற்றிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தப் பகிர்வு ஃபேட் வடிவில் இருக்கும். ஃபேட்டுக்கு ஜர்னல் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள 32 பைட் பதிவில்தான் பெயர், அளவு, தரவு தொடங்கும் இடம் எல்லாமே இருக்கின்றன. பெயர் குலைந்தால் மற்றவற்றையும் நம்ப முடியாது. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனாலே இப்படி ஆகலாம்.

எதைச் செய்வதற்கும் முன் டிடி கட்டளையால் முழுப் பகிர்வையும் வேறு டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 100 எம்பி முதல் 1 ஜிபி வரைதான். சோம்பல்படக் காரணமே இல்லை.

உபுண்டு பயன்படுத்துபவருக்கு ஒரு சுலபவழி உண்டு. அதில் கெர்னல் இஎஸ்பியில் இருப்பதில்லை. கிரப் பூட்லோடரும் சிறு அமைப்புக் கோப்பும்தான் அங்கே. கிரப் கட்டளை வரி மட்டும் வந்து நிற்கிறது என்றால், ரூட் பகிர்வு, கெர்னல், இனிட்ரடி மூன்றையும் கையால் தட்டி உள்ளே போய்விடலாம். ஆர்ச்சில் சிஸ்டம்டி-பூட் வைத்து, கெர்னலையும் இஎஸ்பியிலேயே வைத்திருப்பவருக்கு இது உதவாது.

அடுத்தது, கோப்புமுறையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே. முதலில் எதையும் மாற்றாமல் சோதிக்க மட்டும் சொல்லுங்கள். சரியாக அன்மவுன்ட் ஆகவில்லை என்ற குறியோ, இரண்டு ஃபேட் அட்டவணைகளுக்கு இடையே சிறு வேறுபாடோ மட்டும் தெரிந்தால் சரிசெய்யச் சொல்லலாம். பெயர்களே சிதைந்திருந்தால் அது கோப்புகளை வெட்டும். அநாதைத் துண்டுகளுக்கு எண் போட்ட புதுப்பெயர் வைக்கும். எது கெர்னல், எது இனிட்ரடி என்று ஊகிக்க வேண்டிவரும். அப்படி ஊகித்து எடுத்த கெர்னலை நான் நம்பமாட்டேன்.

அந்த நிலையில் என் தேர்வு, அழித்துப் புதிதாக எழுதுவதுதான். இஎஸ்பியில் உள்ள லினக்ஸ் கோப்புகளில் பெரும்பாலானவற்றைத் தொகுப்புகளிலிருந்து மறுபடி உருவாக்கலாம். உங்கள் ஆவணங்கள் வேறு பகிர்வில் இருக்கின்றன. ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, லைவ் யுஎஸ்பியிலிருந்து சிஹெச்ரூட் வழியாக உள்ளே போய், கெர்னலையும் பூட்லோடரையும் மறுநிறுவுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஃபார்மட் செய்தால் பகிர்வின் யுயுஐடி மாறும். எஃப்எஸ்டேபில் பழைய எண்ணே இருந்தால் கணினி அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். அங்கே புதிய எண்ணை எழுதுங்கள். அல்லது ஃபார்மட் செய்யும்போதே பழைய எண்ணைக் கொடுங்கள்.

விண்டோஸும் கூட இருந்தால் அதன் பூட் கோப்புகளும் இதே பகிர்வில்தான். மைக்ரோசாஃப்ட் கோப்புறை நலமாகத் தெரிந்தால் முதலில் வெளியே எடுத்துவையுங்கள். அதுவும் கெட்டிருந்தால் விண்டோஸ் நிறுவல் யுஎஸ்பியில் உள்ள பிசிடிபூட் அதை மறுபடி எழுதித்தரும்.

புதிதாக எழுதிய பகிர்விலும் பெயர்கள் திரும்பக் கெட்டால், சிக்கல் கோப்புமுறையில் இல்லை. டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமையும் சோதியுங்கள்.