நாள் குறித்த சிசேரியன் மகப்பேறு: தாய்மார்களும் குடும்பத்தாரும் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

மகப்பேறு இயற்கையின் நிகழ்ச்சி. ஆயினும் எல்லாத் தாய்மார்களுக்கும் அது ஒரே வழியில் நிகழ்ந்துவிடுவதில்லை. சிலருக்கு அறுவைச் சிகிச்சையின் மூலமே குழந்தையைப் பாதுகாப்பாக வெளியே எடுக்க முடிகின்றது. இதனையே சிசேரியன் என்கிறோம். "ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டுமாம்" என்னும் சொல் காதில் விழுந்ததுமே நம் தோட்டக் குடும்பங்களில் அச்சம் குடிகொள்கின்றது. அச்சம் வந்தால் பேச்சு நின்றுவிடுகின்றது. பேச்சு நின்றால் ஆயத்தமும் நின்றுவிடுகின்றது.

சிசேரியனில் இரு வகை உண்டு. பேறு வலி தொடங்கிய பின்னர், தாய்க்கோ சேய்க்கோ இடர் நேர்ந்து அவசரமாகச் செய்யப்படுவது ஒருவகை. முன்னதாகவே நாள் குறித்து, தாய் நலமாக இருக்கும்போதே நிதானமாகச் செய்யப்படுவது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் நமக்குக் கிடைக்கும் பெரும் நன்மை கால அவகாசமாகும். அந்தச் சில வாரங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரணத்தைக் கேட்டறிதல்

முதலாவது கடமை, எதற்காக அறுவை தேவைப்படுகின்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதாகும். நஞ்சு கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருத்தல், குழந்தை குறுக்காகக் கிடத்தல், தலைக்குப் பதிலாகக் கால் அல்லது பிட்டம் கீழ்நோக்கியிருத்தல், முன்பு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிசேரியன்கள் நடந்திருத்தல், நீரிழிவு காரணமாகக் குழந்தை மிகப் பெரிதாக வளர்ந்திருத்தல் ஆகியவை பொதுவான காரணங்களாகும். இவற்றுள் எதுவும் தாயின் குற்றமன்று. "வலி தாங்கத் தெரியாதவள்" என்று எவரும் பழிப்பது அறியாமையே.

முன்பு ஒரே ஒரு சிசேரியன் செய்துகொண்ட தாய், அடுத்த முறையும் கட்டாயம் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பலருக்கு இயற்கைப் பேறும் சாத்தியமாகின்றது. ஆனால் அதனை எல்லா வசதிகளும் உள்ள மருத்துவமனையில்தான் முயன்று பார்க்க வேண்டும். ஆகவே, இரு வழிகளின் நன்மை தீமைகளையும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் நலம். அறுவைக்கான ஒப்புதல் பத்திரத்தில் தாய் கையெழுத்திட வேண்டியிருக்கும். புரியாத மொழியில் எழுதியிருப்பின், புரியும் மொழியில் விளக்கும்படி கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

நாளைக் குறிப்பவர் மருத்துவரே

வேறு இடர் இல்லாவிடில், நாள் குறித்த சிசேரியனைப் பொதுவாக 39 வாரங்கள் நிறைந்த பின்னரே செய்கின்றனர். காரணம், கடைசி வாரங்களில்தான் குழந்தையின் நுரையீரல் முழுவதும் பக்குவமடைகின்றது. அதற்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு மிகுதி. சில வேளைகளில், முக்கியமாக நஞ்சு கீழே அமைந்திருக்கும்போது, மருத்துவரே முன்னதாக நாள் குறிப்பதும் உண்டு. அது மருத்துவக் காரணத்தால் எடுக்கப்படும் முடிவு.

நம்மவருள் சிலர் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளும் நட்சத்திரமும் அமையும்படி தேதியை முன்னுக்கு நகர்த்தித் தருமாறு கேட்பதுண்டு. மருத்துவர் குறிப்பிடும் வாரத்திற்குள், மருத்துவமனையின் வசதிக்கேற்ப ஒரு நாளைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நட்சத்திரத்திற்காக இரண்டு வாரங்களை முன்தள்ளுவது, பிறந்த குழந்தையை மூச்சுக்குத் தவிக்க விடுவதற்கு ஒப்பாகும். குழந்தை நல்ல மூச்சோடு அழுது பிறக்கும் நேரமே நல்ல நேரம்.

இரத்தத்தைப் பெருக்கிக்கொள்ளுதல்

சிசேரியனில் ஏற்படும் இரத்த இழப்பு, சாதாரணப் பேற்றில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். இரத்தச் சோகையுள்ள தாய்க்கு அந்த இழப்பைத் தாங்கும் வலிமை குறைவு. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் அதனை இரத்தச் சோகை என்று கருதுவர். சுகாதார மருந்தகத்தில் தரப்படும் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் இந்த எண் எழுதப்பட்டிருக்கும். தாயும் கணவரும் அதனைப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரைகளைப் பலர் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடுகின்றனர். சிலர் தேநீரோடு விழுங்குகின்றனர். தேநீரும் காப்பியும் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. ஆகவே மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்த்து, எலுமிச்சைச் சாற்றுடனோ கொய்யா, ஆரஞ்சு போன்ற பழங்களுடனோ மாத்திரையை உட்கொள்வது நன்று. மலம் கறுத்துப்போனால் அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையினால் அவ்வாறு ஆவது இயல்பே. மீன், முட்டை, கோழி, பருப்பு, கீரை ஆகியவை அன்றாட உணவில் இடம்பெறல் வேண்டும்.

குடும்பமும் தோட்ட அலுவலகமும்

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1.1.2023 முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாள்களாக உயர்த்தப்பட்டுள்ளது. இந்த விடுப்பைப் பேறுக்கு முந்திய 30 நாள்களுக்குள் தொடங்கிக்கொள்ளலாம். எதிர்பார்க்கும் பேறுகாலத்திற்கு முந்திய 60 நாள்களுக்குள் முதலாளிக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் வேலைக்கு வராதிருந்தால் மகப்பேற்றுத் தொகை நிறுத்தி வைக்கப்படலாம். ஆகவே மருத்துவர் தேதி குறித்தவுடன் அதனை எழுத்து மூலம் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திருத்தத்தின்படி, ஓராண்டாவது அதே முதலாளியிடம் வேலை செய்துள்ள கணவருக்குத் தொடர்ச்சியாக 7 நாள்கள் சம்பளத்துடன் கூடிய தந்தைமை விடுப்பு உண்டு. அதற்கு 30 நாள்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும். நாள் குறித்த பேறாதலால் இந்த அறிவிப்பைத் தவறாது செய்ய முடியும். அந்த 7 நாள்கள் உறவினரை உபசரிப்பதற்கல்ல. சமையல், துணி துவைத்தல், மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகிய பொறுப்புகளைத் தந்தை ஏற்பதற்கேயாகும்.

மருத்துவமனை தொலைவிலிருப்பின், வண்டியை இப்போதே பேசி வையுங்கள். போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் வண்டி தேவை. தையலோடு இருக்கும் தாயை மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்த்தி, குண்டும் குழியுமான செம்மண் சாலையில் கொண்டுவருதல் கூடாது.

குறித்த நாளுக்கு முன்பே ஏதேனும் நேர்ந்தால்

தேதி குறித்தாகிவிட்டது என்பதனால் குழந்தை அதுவரை காத்திருக்கும் என்று நினைத்துவிடலாகாது. பேறு வலி கண்டாலும், பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். "இன்னும் நான்கு நாள்தானே இருக்கிறது, பொறுத்துக்கொள்" என்று கூறும் பெரியவர்கள் உண்டு. அன்பினால் கூறினும் அது ஆபத்தான அறிவுரை. நஞ்சு கீழே உள்ள தாய்க்கு வலியே இல்லாமலும் இரத்தப் போக்கு தொடங்கும். வலியில்லை என்று வாளாவிருந்தால் உயிருக்கே ஆபத்தாய் முடியும். வண்டி கிடைக்காவிடில் 999 எண்ணை அழையுங்கள். புறப்படும்போது எதையும் உண்ண வேண்டாம்.

முந்திய நாளும் அன்றைய காலையும்

கர்ப்பப் பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், தளர்வான உடைகள், பெரிய அணையாடைகள், குழந்தைத் துணிகள் ஆகியவற்றை ஒரே பையில் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். தாலிக்கொடி, மோதிரம், மூக்குத்தி முதலிய நகைகளை அறுவைக்கு முன் கழற்றச் சொல்வார்கள். மாமியாரிடமோ தாயிடமோ இதனை முன்கூட்டியே கூறி, அன்றைக்கு மனவருத்தம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகப்பூச்சையும் அகற்றிவிடுங்கள். அடிவயிற்று மயிரை வீட்டிலேயே சவரம் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களின் வழியே கிருமிகள் புகும்.

அறுவைக்கு முந்திய 6 மணி நேரம் சோறு, ரொட்டி, பால், பால் கலந்த தேநீர் எதுவும் கூடாது. தண்ணீரை எதுவரை பருகலாம் என்பதைத் தாதியர் கூறுவர். வயிற்றில் உணவிருந்தால், மயக்கத்தின்போது அது மேலேறி நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். ஆகவே, தாய் பசியோடிருப்பதைக் கண்டு இரக்கப்பட்டு எவரும் மறைவாக உணவு கொடுத்தல் கூடாது. நீரிழிவுள்ளவர்கள் அன்று காலை இன்சுலினோ மாத்திரையோ எடுக்க வேண்டுமா என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்க.

அறுவை அறையில் நடப்பவை

பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஓர் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்வர். தாய் விழித்திருப்பார், வலி தெரியாது, அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரியும். இந்த ஊசியினால் வாழ்நாளெல்லாம் இடுப்பு வலி வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆராய்ச்சிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. சிறுநீர் கழிய ஒரு குழாய் வைக்கப்படும். தொடங்கிய சில நிமிடங்களிலேயே குழந்தை வெளியே வந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் தையலுக்கே ஆகும். மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் உடன் செய்துகொள்ள விரும்புவோர், கணவன் மனைவி இருவரும் பல வாரங்களுக்கு முன்பே கலந்து பேசி முடிவு செய்தல் வேண்டும். அறுவை மேசையில் அவசரமாக எடுக்கும் முடிவு பின்னர் வருத்தம் தரலாம்.

அறுவைக்குப் பின்

தாதியர் எழுந்து நடக்கச் சொன்னால், வலியிருப்பினும் மெல்ல நடக்க வேண்டும். அசையாது படுத்திருப்பதால் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலைச் சென்று அடைக்கக்கூடும். தாய்ப்பாலை முதல் மணி நேரத்திலேயே கொடுக்க முயல வேண்டும். குழந்தையைக் கைக்கடியில் பக்கவாட்டில் அணைத்துக் கொடுத்தால் தையலின்மேல் பாரம் விழாது.

நம் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், மீன் முட்டைகளை விலக்குவதும் உண்டு. காயம் ஆறுவதற்குப் புரதமும், பால் சுரப்பதற்கு நீரும் தேவை. பூண்டு, மிளகு சேர்த்த பத்தியச் சமையல் தாராளமாக இருக்கட்டும்; ஆனால் அது வயிறு நிறையும் சாப்பாடாக இருக்கட்டும். தையலின்மேல் மஞ்சளோ எண்ணெயோ சாம்பலோ பூசலாகாது. கொதிநீர் ஊற்றுதலும் சூட்டுக்கல் வைத்தலும் வேண்டா. காயத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்தாலே போதும்.

காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், துர்நாற்றம், மிகுந்த இரத்தப் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், கடும் தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், தாதி வீட்டிற்கு வரும் நாளுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க.

முதல் ஆறு வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. தண்ணீர் வாளிக்கும் கேஸ் தோம்புக்கும் இவ்விதி பொருந்தும். பால் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. "சும்மா மங்கு துடைத்துக் கொடுத்தால் போதும்" என்று மனைவியைக் கைத்துணைக்கு அழைத்துச் செல்லும் கணவர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பால்மரம் சீவுகின்றவர்களுக்கு ஓர் உண்மையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சீவிய பட்டை மறுபடி வளர்வதற்குள் அதே இடத்தில் உளியை வைத்தால் மரம் கெடும். கருப்பையின் தழும்பும் அத்தகையதே. மேலே தோல் மூடிவிட்டது என்பதனால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று பொருளன்று. அடுத்த கருவுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளேனும் இடைவெளி விடுதல் நலம். அடுத்த முறை கருவுற்றதும், முன்பு சிசேரியன் நடந்ததை முதல் நாளிலேயே மருந்தகத்தில் தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. அறுவைக்கான காரணத்தைத் தாயும் கணவரும் தம் சொந்தச் சொற்களில் கூற முடியுமா?

2. கடைசியாக எழுதப்பட்ட ஹீமோகுளோபின் எண் என்ன?

3. நள்ளிரவில் இரத்தம் கண்டால் யாருடைய வண்டி வரும்? அவருக்குச் சொல்லி வைத்தாயிற்றா?

4. தோட்ட அலுவலகத்திற்குக் கடிதம் கொடுத்தாயிற்றா?

5. ஆறு வாரங்களுக்குத் தண்ணீரும் விறகும் பாரமும் தூக்கப் போகின்றவர் யார்?

இவ்வைந்திற்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி அச்சம் அகன்றுவிடும். மறுபாதியை மருத்துவரிடமும் தாதியரிடமும் மனம்விட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். குறித்த நாள் வருவதற்குள் இவற்றைச் செய்து முடிப்பது குடும்பத்தார் அனைவருடைய பொறுப்பாகும்.